லேன், ஓவர்டேக்: தடமும் முந்தலும்

'நான்கு வழிச்சாலை' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். 'ஒருவழிப் பாதை' என்று பலகையில் படிக்கிறோம். இரண்டிலும் வரும் 'வழி' ஒன்றல்ல. முதலாவதில் அது லேன், அதாவது சாலையில் ஒரு வண்டி வரிசைக்கான பட்டை. இரண்டாவதில் திசை. நான்கு வழிச்சாலை என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்பவர் நாலு பக்கமும் பிரியும் சந்திப்பைத்தான் நினைத்துக்கொள்வார். விரைவுச்சாலையைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் இந்த 'வழி' முதல் வரியிலேயே காலை வாரிவிடுகிறது. 'ஒரு வழியிலிருந்து அடுத்த வழிக்கு மாறவும்' என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

லேன் பழைய ஆங்கிலச் சொல். இருபுறமும் வேலியோ மண்மேடோ இருக்க, நடுவே ஓடும் ஒடுக்கமான பாதைக்குப் பெயர். இதே இனத்தைச் சேர்ந்த டச்சுச் சொல் 'லான்' இன்று மரங்கள் அணிவகுத்த அகன்ற சாலையைக் குறிக்கிறது. சாலைக்குள்ளேயே ஒரு வண்டி போகும் அகலத்துக்குப் பிரித்த பட்டைக்கு லேன் என்ற பெயர் வந்தது பிற்பாடு. 1911இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சாலை நடுவே கோடு போட்டுப் பார்த்தார்கள். அந்தக் காலத்திலிருந்து லேன் என்றாலே நமக்குக் கண்ணில் தெரிவது வெள்ளைக் கோடு. ஆனால் 1968இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை கோட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மோட்டார் வாகனங்கள் ஒற்றை வரிசையாக ஓடப் போதுமான அகலமுள்ள நீளப் பட்டைதான் லேன் என்கிறது. (மோட்டார் சைக்கிள் வரிசையை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். விவரமானவர்கள்.)

ஆக, லேனின் உயிர் கோட்டில் இல்லை, வரிசையில் இருக்கிறது. இதற்குத் தமிழில் 'தடம்' நன்றாகப் பொருந்துகிறது. கால் பதிந்த சுவடு தடம். பலர் நடந்து நடந்து உண்டான பாதையும் தடம். ரயில் தடம் புரள்கிறது. நான்கு வழிச்சாலையை நான்குதடச் சாலை என்று எழுதினால் சந்திப்புக் குழப்பம் போய்விடும். ஒரே ஒரு உறுத்தல் உண்டு. 'தடம் மாறினான்' என்றால் தமிழில் கெட்டுப்போனான் என்று பொருள். விரைவுச்சாலையில் முறையாகத் தடம் மாறுகிறவன்தான் நல்லவன். சரி, பழகினால் இதுவும் பழகிவிடும்.

தடத்தைவிட எனக்குப் பிடித்த சொல் வேறொன்று இருக்கிறது. ஈழத்தில் சிறு தெருவை 'ஒழுங்கை' என்பார்கள். அதாவது லேன் என்ற சொல்லின் பழைய பொருளுக்கு அப்படியே நேரான தமிழ். ஒழுங்கை, ஒழுங்கு, ஒழுக்கம், ஒழுக்கு எல்லாம் 'ஒழுகு' என்ற ஒரே வினையைச் சுற்றி நிற்கும் சொற்கள். ஒழுகுதல் என்றால் நீர்போல் இடைவிடாமல் ஓடுதல். அப்புறம் முறைப்படி நடத்தல். புறநானூற்றில் முட்டை சுமந்து மேட்டு நிலம் போகும் எறும்பு வரிசைக்கு 'சில்லொழுக்கு' என்று பெயர். அதே நூலில், பாரியின் மகளிர் குப்பைமேட்டில் ஏறி நின்று, உப்பு வணிகரான உமணரின் 'உப்பொய் ஒழுகை'யை எண்ணுகிறார்கள். ஒழுகை என்றால் வண்டிகளின் வரிசை. மோட்டார் வண்டி பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வண்டிகளுக்கென்று ஒரு சொல் தமிழில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதனால், அவரவர் லேனில் முறையாகப் போவதைச் சொல்லும் 'லேன் டிசிப்ளின்' என்பதைத் 'தட ஒழுக்கம்' என்று எழுதும்போது நான் கொஞ்சம் தயங்குவேன். டிசிப்ளின் லத்தீனில் மாணவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, பிரம்பு வாசம் போகாது. ஒழுக்கம் என்றாலும் இன்று நீதிபோதனைதான் நினைவுக்கு வருகிறது. 'தட ஒழுங்கு' போதும். ஒழுங்கு என்ற சொல்லிலேயே வரிசையும் இருக்கிறது, விதியும் இருக்கிறது, அடியில் அந்த ஓட்டமும் இருக்கிறது.

இனி ஓவர்டேக். இதிலுள்ள 'டேக்' வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியின் 'டாக்கா', அதாவது பற்று, பிடி. இடைக்கால ஆங்கிலத்தில் ஓவர்டேக் என்றால் பின்னால் போய் எட்டிப் பிடிப்பது. தாண்டிப் போவது பிறகு ஒட்டிய பொருள். அந்தப் பழைய கணக்குப்படி, முன்வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு வருபவர் ஏற்கெனவே ஓவர்டேக் செய்து முடித்துவிட்டார்! அமெரிக்கர்கள் இதற்கு 'பாஸ்' என்ற எளிய சொல்லோடு நின்றுகொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'தூப்ளே' என்பார்கள், இரட்டிப்பது என்று பொருள்படும் வினை.

தமிழில் 'முந்து'. முன் என்ற சொல்லோடு பிறந்தது. குறையொன்றுமில்லாத சொல்தான், ஆனால் அதில் போட்டி வாடை அடிக்கிறது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று பழகிய நாக்கு. முந்துவது என்றால் முன்னால் போய்ச் சேர்வது, அதோடு கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். விரைவுச்சாலையில் அது பாதிக் கதைதான்.

ஒரு லாரி மணிக்கு 90 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 110இல் வருகிறீர்கள். 50 மீட்டர் பின்னால் இருக்கும்போதே கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, அடுத்த தடத்துக்குப் போகிறீர்கள். லாரி 16 மீட்டர், உங்கள் கார் 4 மீட்டர், தாண்டிய பிறகு இன்னொரு 50 மீட்டர் இடைவெளி. மொத்தம் 120 மீட்டரை, மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற வேக வித்தியாசத்தில் கடக்க வேண்டும். ஏறக்குறைய 22 விநாடி. அதற்குள் சாலையில் 660 மீட்டர் போயிருப்பீர்கள். உள்கண்ணாடியில் லாரியின் இரண்டு முகப்பு விளக்கும் முழுதாகத் தெரிந்த பிறகு, மறுபடி சிக்னல் போட்டுப் பழைய தடத்துக்குத் திரும்புகிறீர்கள். இந்தத் திரும்பலோடுதான் ஒரு முந்தல் முடிகிறது. 'முந்தி மீள்தல்' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகலாம் என்பது என் கட்சி.

இதே கணக்கை இரண்டு லாரிகளுக்குப் போட்டால் வேடிக்கை. 88இல் போகும் லாரியை 90இல் போகும் லாரி முந்துகிறது. வித்தியாசம் 2 கிலோமீட்டர். முடிய 4 நிமிடம், 6 கிலோமீட்டர் ஆகும். ஜெர்மன்காரர்கள் இதற்கு 'யானைப் பந்தயம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், நம் ஊர்ச் சொல் மாதிரியே இருக்கிறது.

மீள்வதை மறந்தவர்கள் சேர்ந்து உருவாக்கிய சொல்தான் 'ஃபாஸ்ட் லேன்'. அதைத் தமிழில் 'வேகத் தடம்' என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தடம் வேகமானவர்களுக்கு எழுதிக்கொடுத்த சொத்து கிடையாது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடக்கோடித் தடமும், வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலக்கோடித் தடமும் எல்லோருக்கும் இருப்பிடம். அது 'ஓரத் தடம்'. மற்றவை முந்துவதற்கு மட்டும், அதனால் 'முந்து தடம்'. பிரிட்டனின் சாலை விதிநூலும் இதைத்தான் சொல்கிறது: முன்னால் சாலை காலியாக இருந்தால் இடத் தடத்திலேயே போ, முந்தி முடித்ததும் அங்கே திரும்பு.

ஓரத் தடம் காலியாகக் கிடக்க, நடுத் தடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்போல் போகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் அவர்களுக்கு 'ஹாக்' என்று பன்றியின் பெயர். நமக்கு ஏற்கெனவே 'நந்தி மாதிரி' என்ற வழக்கு இருக்கிறதே, 'நடுத்தட நந்தி' என்றால் விளக்கமே வேண்டாம். பிரிட்டனில் 2013 ஆகஸ்ட் முதல் காவலர்கள் நந்திகளுக்கு அந்த இடத்திலேயே 100 பவுண்டு அபராதமும் 3 தண்டப் புள்ளிகளும் விதிக்க முடிகிறது.

நந்தி நகராவிட்டால் பின்னால் வருபவர் என்ன செய்வார்? தப்புப் பக்கமாக ஏறுவார். ஆங்கிலத்தில் அதற்கு 'அண்டர்டேக்' என்று பெயர். அண்டர்டேக்கர் என்றால் பிணம் அடக்கம் செய்பவர் என்பதால் அந்தச் சிலேடை அவர்களுக்குத் தானாக வாய்த்தது. தமிழில் 'ஓர முந்தல்' என்று சொல்லலாம். முந்தியவர் ஓரத் தடத்துக்குத் திரும்பும் நேரத்தில், அவர் கண்ணாடிக்குத் தெரியாத மூலையில் வேறொரு வண்டி வந்து நிற்கும். ஆபத்து அதுதான். வலப்பக்கம் ஓட்டும் ஜெர்மனியில் இதற்குத் தடை உண்டு. ஆனால் வரிசை நின்றோ ஊர்ந்தோ போகும் நேரத்தில், சற்றே கூடிய வேகத்தில் மிகுந்த கவனத்துடன் வலப்பக்கமாகக் கடக்கலாம் என்று சட்டமே இளக்கம் தருகிறது. பிரிட்டனிலும் நெரிசலில் இடத் தடம் கொஞ்சம் வேகமாக நகர்ந்தால் அதன் போக்கிலேயே போகலாம். அது ஓர முந்தல் ஆகாது, ஒழுகை தன் போக்கில் ஒழுகுவதுதான்.

கடைசியாக, 'சைடு கொடு', 'லைட் அடி' இரண்டும். முன்னதற்கு 'வழிவிடு' என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. பின்னதைப் பலர் 'விலகு' என்ற கட்டளையாக நினைத்து அடிக்கிறார்கள். பிரிட்டன் விதிநூல்படி அதன் பொருள் 'நான் இங்கே இருக்கிறேன்' என்பது மட்டும்தான். அதற்கு 'ஒளிச்சைகை' என்று ஒரு சொல் கட்டிப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை. லைட் அடிப்பது லைட் அடிப்பதாகவே இருக்கட்டும்.