பெயரில்தான் நார்மல்: சலைனும் மாற்றுச் சிறுநீரகமும்

இறந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகம் மணிக்கணக்கில் ரத்தமில்லாமல் குளிரில் கிடந்துதான் அடுத்தவர் உடலுக்கு வந்து சேர்கிறது. வந்ததும் வேலையைத் தொடங்காமல் சில சமயம் முரண்டு பிடிக்கும். அதுவரை நோயாளிக்கு மறுபடியும் டயாலிசிஸ்தான். இதைத் தவிர்க்க அறுவையின்போதும் அதற்கு அப்புறமும் லிட்டர் லிட்டராக ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள். பெரும்பாலும் நார்மல் சலைன் எனும் உப்புநீர்.

பெயரில்தான் நார்மல். உப்பில் உள்ள குளோரைடு ஒரு லிட்டர் ரத்தத் திரவத்தில் சுமார் 100 மில்லிமோல், சலைனில் 154. இந்த மிகுதி ரத்தத்தை அமிலப் பக்கம் தள்ளுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உப்பை வேவு பார்க்கும் செல்கள் உண்டு. குளோரைடு கூடினால், வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்தமனியை அவை சுருங்க வைத்துவிடும். 2012இல் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு இரண்டு லிட்டர் சலைன் ஏற்றி ஸ்கேன் எடுத்தபோது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்தது தெரிந்தது.

அப்படியானால் ரத்தத்தை ஒத்த திரவத்தையே ஏற்றியிருக்கலாமே? தயக்கம் பொட்டாசியத்தால் வந்தது. அத்திரவங்களில் அது கொஞ்சம் இருக்கும். பொட்டாசியம் மிகுந்த இளநீரே கூடாது என்று சொல்லி வைத்த நோயாளிக்குப் பொட்டாசியம் கலந்த ட்ரிப்ஸா என்ற பயம் நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் ரத்தம் அமிலமானால் செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும். 2005இல் வெளியான 51 பேர் கொண்ட ஒரு சிறிய ஆய்வில், பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியது பொட்டாசியமே இல்லாத சலைன் ஏற்றியவர்களுக்குத்தான்!

பெரிய விடை 2023இல் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த 'பெஸ்ட்-ஃப்ளூயிட்ஸ்' ஆய்வு, இறந்தவர்களின் சிறுநீரகம் பெற்ற சுமார் 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குச் சலைன், மறுபாதிக்கு ரத்தத்தை ஒத்த திரவமான பிளாஸ்மா-லைட். யாருக்கு எது ஏறுகிறது என்பது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் சலைன் குழுவில் 40 சதவீதம், மற்றதில் 30. பத்துப் பேருக்குப் பையை மாற்றினால் ஒருவர் டயாலிசிஸிலிருந்து தப்புகிறார். புது மருந்து எதுவும் இல்லாமல் இவ்வளவு கிடைப்பது அபூர்வம்.

ஓராண்டு கழித்துப் பார்த்தால், மாற்றுச் சிறுநீரகம் நிலைத்திருப்பதில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. உயிருள்ளவர் தரும் சிறுநீரகம் இந்த ஆய்வில் சேரவில்லை. இந்தியாவில் பெரும்பாலும் நடப்பது அந்த வகை மாற்றுதான். அங்கே சிறுநீரகம் குளிரில் கிடக்கும் நேரம் குறைவு, முரண்டும் குறைவு. அதனால் இந்த 30, 40 கணக்கை அப்படியே எடுத்து அவர்களுக்குப் பொருத்த முடியாது.