தண்டல்: சொல்லும் அதன் கணக்கும்

தண்டல் (பெயர்ச்சொல்): 1. வரி, வாடகை, கடன் முதலியவற்றைத் திரட்டுதல். 2. (வட்டார வழக்கு) வட்டியை முன்பே பிடித்துக்கொண்டு கொடுத்து, நாள்தோறும் அல்லது வாரந்தோறும் தவணையாகத் திரும்ப வாங்கும் கடன்.

கடலூர் முதுநகரிலோ புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டிலோ இந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் முதல் பொருள் நினைவுக்கு வராது. ஒருவர் தண்டல் விடுகிறார், ஒருவர் எடுக்கிறார், எடுத்தவர் நாள் தவறாமல் கட்டுகிறார். விடு, எடு, கட்டு ஆகிய வினைகளோடுதான் சொல் இன்று புழங்குகிறது. அதன் சொந்த வினையான 'தண்டு' நம் பேச்சிலிருந்து போய்விட்டது. ஈழத்தமிழில் மட்டும் 'கோயிலுக்குக் காசு தண்டினார்கள்' என்ற வழக்கு இருக்கிறது.

தண்டுதல் என்றால் திரட்டுதல். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் வரி வாங்குவது தண்டுவதுதான். ஒலி ஒற்றுமையால் இதைத் 'தண்டம்' என்ற வடசொல்லோடு சேர்த்து, தண்டனைக் காசு என்று பொருள் சொல்வோரும் உண்டு. வினையாகவே வழங்கியிருப்பதையும், 'அல்' விகுதி ஏற்றுத் தொழிற்பெயர் ஆவதையும் பார்த்தால், தனித்த தமிழ் வினையாகக் கொள்வதே பொருத்தம். குறைதல், நீங்குதல் என்ற இன்னொரு பொருளும் 'தண்டு' என்ற வினைக்கு உண்டு. புறநானூற்றின் 6-ஆம் பாட்டில் வரும் 'தண்டா ஈகை' குறையாத கொடை என்று பொருள்படும். துறைமுகப் பக்கம் பழைய ஆட்கள் கப்பல் தலைவனைத் தண்டேல் என்பார்கள். அது இந்திப் பக்கத்திலிருந்து கரையேறிய வேறு சொல்.

கடன் தொழிலின் மற்றச் சொற்களைப் பாருங்கள். அசல், பாக்கி, வசூல், ஜாமீன், ரசீது, ஜப்தி. எல்லாம் அரபு, பாரசீகம் வழியாக நவாபு காலத்துக் கச்சேரிகளில் நுழைந்தவை. அசல் என்றால் அரபியில் வேர், தமிழில் முதல். பாக்கிக்கு நிலுவை. வசூலுக்குச் சரியான தமிழ் தண்டல்தான். தாசில் என்பதும் தண்டலே, ஆகவே தாசில்தார் தண்டல்காரர். கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காட்டுக்குக் கம்பெனி அனுப்பிய கலெக்டரும் வரி தண்ட வந்தவர்தான். 'ஆட்சியர்' என்ற மொழிபெயர்ப்பு அந்தப் பதவியின் பிறப்பை மறைத்துவிட்டது. மரியாதைக்காக மறைத்தார்கள் போலும்.

வட்டிக்குக் கல்வெட்டுகளில் பொலிசை என்று பெயர். பொலிதல், பெருகுதல் என்ற பொருளில் அமைந்த அழகான சொல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று வருகிறது. அதாவது 12.5 விழுக்காடு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய தண்டலுக்கு வருவோம்.

பரவலாக நடக்கும் கணக்கு இது. 10,000 ரூபாய்த் தண்டல் எடுத்தால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கட்டக் கட்ட ஒரு சின்ன அட்டையிலோ நோட்டிலோ குறித்துத் தருவார்கள். எடுத்தவரைக் கேட்டால் 'நூற்றுக்குப் பதினைந்து வட்டி' என்பார். அங்கேதான் கணக்கு வழுக்குகிறது. 8,500 ரூபாய் அவர் கையில் 100 நாளும் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே 100, 100 ஆகத் திரும்பிப் போகிறது. பாதிக் காலம் கடப்பதற்குள் பாதிக்கு மேல் போய்விடும். சராசரியாக அவரிடம் இருப்பது 4,500 ரூபாய் அளவுதான். அதற்கு 100 நாளில் 1,500 வட்டி. ஆண்டுக்கணக்காக மாற்றினால் சுமார் 120 விழுக்காடு. அரைக்கால் காசின் பக்கத்தில் வைத்தால் ஏறத்தாழ பத்து மடங்கு.

இதைவிட மோசம் 'திருப்பி எடுப்பது'. அறுபதாம் நாள் பள்ளிக் கட்டணம் வருகிறது என்று வையுங்கள். நிலுவை 4,000. தண்டல்காரர் புதிதாக 10,000 விடுகிறார்: 1,500 வட்டிக்கு, 4,000 பழைய நிலுவைக்கு, மீதி 4,500 கையில். ஏற்கெனவே வட்டி கொடுத்த அந்த 4,000-க்கு இரண்டாம் முறையும் வட்டி பிடித்தாயிற்று. பழைய கடனை நாற்பது நாள் முன்பே அடைத்ததற்குக் கழிவும் கிடையாது. இப்போது பெற்ற 4,500-ஐ மட்டும் தனியே எடுத்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 150 விழுக்காடாக ஏறுகிறது. எடுத்தவருக்கு மாற்றம் எதுவும் தெரியாது, ஏனென்றால் நாளைக்கும் அதே 100 ரூபாய்தான்.

தண்டல்காரரின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் நிலப்பத்திரம் கேட்பதில்லை. கடைக்கே வருகிறார், ஐந்து நிமிடத்தில் பணம் கொடுக்கிறார். சிலர் ஊரைவிட்டுப் போய்விடும் நட்டமும், வண்டியில் அலையும் ஆளின் சம்பளமும் அந்த 1,500-க்குள் இருக்கின்றன. நிரப்பாத புரோநோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வாங்குவது, ரேஷன் கார்டையோ ஏடிஎம் கார்டையோ பிடித்து வைப்பது என்று போகும்போதுதான் தொழிலின் முகம் மாறுகிறது. எழுதப்படாத தாளில் நாளை எந்தத் தொகையும் ஏறலாம்.

இத்தனை வட்டி கொடுத்தும் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தண்டலிலேயே இருப்பது ஏன்? வறுமை ஏன் விடாது என்ற பெரிய கேள்வியின் ஒரு துண்டு இது. இந்தத் துண்டை எண்ணிப் பார்க்க முடியும். தினம் 100 கட்டுபவருக்கு 100 சேர்க்கும் திறன் இருக்கிறது. அதே 100-ஐ ஒதுக்கி வைத்தால் 85-ஆம் நாள் 8,500 அவருடையது. முன்னே வாங்கினால் 100 நாள், பின்னே வாங்கினால் 85 நாள். அந்த 15 நாள் உழைப்புதான் வட்டி. விடாமல் தண்டலில் சுற்றுபவர் 19 மாதத்துக்குள் கொடுக்கும் வட்டியே 8,500-ஐத் தாண்டிவிடும்.

சேர்க்க முடியாததற்குச் சோம்பலோ ஊதாரித்தனமோ காரணம் என்பது வெளியே நின்று பார்ப்பவர் சொல்வது. வீட்டில் கிடக்கும் காசுக்கு நூறு வாய். கேட்டு வரும் உறவை இல்லையென்று அனுப்ப முடியாது. தண்டல்காரர் வாசலில் நிற்கிறார் என்பது ஒன்றே எல்லோரும் ஒப்புக்கொள்ளும் மறுப்பு. அந்த வகையில் தண்டல், சேமிக்கத் தெரியாதவரின் கடன் என்பதைவிடச் சேமிப்பைக் காக்க இடமில்லாதவரின் கடன்.

அடுத்த காரணம் பருவம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். மார்ச்சில் தண்டல் எடுத்த தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மீன்காரம்மாவுக்கு 100 நாளில் பெரும்பகுதி தடைக்காலத்தில் விழும். சிறு வள்ளங்களில் வரும் மீனை அதிக விலைக்கு ஏலம் எடுத்துக் குறைந்த லாபத்துக்கு விற்க வேண்டும். தண்டலுக்குத் தடைக்காலம் இல்லை. விடுபடும் தவணையைக் கைமுதலிலிருந்து எடுத்துக் கட்டுவார். தடை முடிந்து படகு கடலுக்குப் போகும் அன்று ஏலத்தில் நிற்கக் கைமுதல் இருக்காது. உடனே அடுத்த தண்டல்.

கைமுதல் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். வறுமையை வருமானக் குறைவு என்று விளக்குவது புத்தக வழக்கம். கூடை வியாபாரிகள் 'கைமுதல் இல்லை' என்பார்கள். இந்த இரண்டாவதுதான் நிலைமையைத் துல்லியமாகச் சொல்கிறது. வருமானம் துளித்துளியாக வருகிறது. மருத்துவமனையும் கல்யாணமும் புயலும் மொத்தமாகக் கேட்கின்றன. 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் ஒரே நாளில் சாய்த்தது. மறுபடி நட்ட கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். கூலி மறுவாரமே திரும்பும், மரம் திரும்பாது.

வறுமைக்கு வள்ளுவர் வைத்த பெயர்களில் ஒன்று நிரப்பு. 'இன்றும் வருவது கொல்லோ நெருநலும் கொன்றது போலும் நிரப்பு' (1048). நேற்று வந்து கொன்றது இன்றும் வருமோ என்ற அச்சம். அட்டையும் கையுமாக வாசலில் வண்டி நிற்கும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடையாது.

வறுமை ஒழியுமா என்றால், எந்த வறுமை என்று கேட்க வேண்டும். பசி பெருமளவு ஒழிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2019–21 தரவுகளைக் கொண்டு நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழ்நாட்டின் அளவு 2.20 விழுக்காடு, புதுச்சேரியுடையது 0.85. ஆனால் அதன் 12 அளவுகோல்களில் வங்கிக் கணக்கு உண்டு, கடன் கிடையாது. மூன்று தண்டல் அட்டை வைத்திருப்பவர் வங்கிக் கணக்கும் வைத்திருந்தால் அந்த அளவுகோலில் குறையற்றவர். குறியீடு பொய் சொல்லவில்லை. அது எண்ணாத ஒன்றை ஒழிந்ததாக நாம்தான் எடுத்துக்கொள்கிறோம்.

சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் கந்துவட்டி என்றே எழுதுகின்றன. சட்டம் அப்படிக் கலக்கவில்லை. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். பலர் அறியாத பிரிவு இன்னொன்று: கடன் வாங்கியவர் முதலையும், அரசு நிர்ணயித்த வீதத்தில் வட்டியையும் நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்தது என்று பதிவு செய்யக் கேட்கலாம். இதற்கு மொத்தப் பணம் வேண்டும் என்பது வேடிக்கை. தவிர, இது தமிழ்நாட்டுச் சட்டம். கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லை கூப்பிடு தூரம், சட்டத்தின் எல்லையும் அங்கேயே முடிகிறது.

சாலையோர வியாபாரிகளுக்காக 2020-இல் 10,000 ரூபாயில் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வநிதிக் கடன் கணக்கில் எவ்வளவோ மேல். 12 விழுக்காட்டில் 12 மாதத் தவணை என்று வைத்தாலும் 10,000-க்கு வட்டி 660 ரூபாய் அளவில் நிற்கும். ஆண்டு முழுதும் தண்டலில் சுற்றினால் அது 5,475. என்றாலும் நகராட்சியின் வியாபாரச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ இல்லாமல் அது நகராது. தண்டலின் உண்மையான போட்டி வட்டி வீதத்தில் இல்லை, வாசலுக்கு வருவதில் இருக்கிறது. 1928-இல் உடுப்பியில் சிண்டிகேட் வங்கி தொடங்கிய பிக்மி சேமிப்பு இதைப் புரிந்துகொண்டது. முகவர் தினமும் வீடு தேடி வந்து இரண்டணாவைக்கூட வாங்கிக்கொண்டு போனார். ஆள், நடை, அட்டை எல்லாம் தண்டலேதான். காசு போகும் திசை மட்டும் வேறு.

எழுத்தில் எப்படி வழங்கலாம்? கடனைக் குறிக்க 'நாள்தவணைக் கடன்' என்றும், பணம் திரட்டுவதைக் குறிக்கத் 'தண்டல்' என்றும் பிரித்தால் குழப்பம் வராது. வரித்தண்டல், நிதிதண்டல், வாடகைத் தண்டல் எல்லாம் நல்ல தமிழ். பொலிசையை மீட்கும் முயற்சி வேண்டியதில்லை, வட்டி ஊன்றிவிட்டது.

தமிழ்நாட்டு மீனவ மகளிர் சேமிப்பு, நிவாரணத் திட்டத்தில் ஒரு பெண் சிறுசிறு தொகையாக 1,500 ரூபாய் கட்டினால், அரசின் 3,000 சேர்ந்து மீன்வரத்துக் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திரும்புகிறது. அகராதிப்படி இந்த 1,500-ஐத் திரட்டுவதும் தண்டல்தான். குப்பத்தில் இதைச் 'சந்தா கட்டுறது' என்கிறார்கள்.