என்ஜின் நின்ற பிறகும் சுழலும் சிறகு

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடற்கரையோரமாகச் சின்ன ஹெலிகொப்டர்கள் பறப்பதைப் பார்க்கிறேன். விமானத்துக்கு இறக்கை இருக்கிறது, மிதந்தாவது வரும். இதற்கு என்ஜின் நின்றால் கல்லுப் போல விழுந்துவிடாதா?"

விழாது. ஆனால் விழாமலிருக்க விமானி செய்யவேண்டிய முதல் வேலைக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு வினாடிதான்.

தனியார் வாங்கும் சிறிய ஹெலிகொப்டர் என்றதும் ரொபின்சன் ஆர்22, ஆர்44 என்ற இரண்டு பெயர்களே முதலில் வரும். ஆர்22க்கு அமெரிக்காவில் 1979இல் சான்றிதழ் கிடைத்தது. ஆசனம் இரண்டு, உச்ச எடை 622 கிலோ. ஆர்44இல் நான்கு பேர் போகலாம். இரண்டிலும் பிஸ்டன் என்ஜின், அதன் சக்தியைச் சுழலிக்குக் கடத்தும் வி வடிவ பெல்ட்டுகள், இரண்டே சிறகுகள் கொண்ட சுழலி. பாகங்கள் குறைவு, செலவும் ஒப்பீட்டளவில் குறைவு. ஓடுபாதை வேண்டாம், அனுமதி இருந்தால் ஒரு விளையாட்டு மைதானமே போதும். ஆசைப்படுவதற்கு இவ்வளவு காரணம் போதாதா?

இனி அந்த ஒரு வினாடி. ஆர்22இன் சுழலி நிமிடத்துக்கு சுமார் 530 தடவை சுற்றுகிறது. சிறகின் நுனி மணிக்கு 760 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. என்ஜின் நின்ற கணத்தில், சைக்கிளின் பின்சில்லில் இருக்கும் ஃப்ரீவீல் போன்ற ஒரு கிளட்ச் சுழலியைத் தனியாக விட்டுவிடும். நின்றுபோன என்ஜின் சுழலியைப் பிடித்து நிறுத்தாது. ஆனால் சிறகுகள் இன்னும் சரிந்த கோணத்தில் காற்றை அள்ளிக்கொண்டிருக்கின்றன. தள்ள யாருமில்லாததால் வேகம் மளமளவென்று குறையும். விமானி இடக்கையில் இருக்கும் கலெக்டிவ் நெம்புகோலை உடனே கீழே தள்ளிச் சிறகுகளைத் தட்டையாக்க வேண்டும். ஹெலிகொப்டர் இறங்கத் தொடங்கும், காற்று கீழிருந்து மேலாகச் சுழலிக்குள் புகும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. மேலேறும் அந்தக் காற்று சிறகு முழுவதிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. நுனிக்கு அருகே சிறகு மிக வேகமாக ஓடுவதால், அங்கே காற்று கிட்டத்தட்ட முன்னாலிருந்தே மோதுகிறது. அந்தப் பகுதி நல்ல தூக்குவிசை தரும், கூடவே சுழற்சியைச் சற்று இழுத்துப் பிடிக்கும். மையத்துக்கு மிக அருகே சிறகின் வேகம் குறைவு. காற்று செங்குத்தாகவே வந்து மோத, அந்தப் பகுதி தூக்குவிசை இழந்து வெறும் தடையாகிறது. இரண்டுக்கும் நடுவே, ஆரத்தில் ஏறத்தாழ 25 முதல் 70 வீதம் வரையான துண்டில் காற்று சரிவாகக் கீழிருந்து வருகிறது. தூக்குவிசை எப்போதும் வரும் காற்றுக்குச் செங்குத்தாகவே இருக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். காற்று சரிந்தால் அந்த விசையும் முன்பக்கமாகச் சரியும். அந்த முன்சரிவு, தடையைவிடப் பெரிதாகும்போது சிறகை முன்னே இழுக்கிறது. அந்த நடுத்துண்டுதான் இப்போது என்ஜின்.

இன்னும் அழகான விடயம், இது தன்னைத்தானே சரிசெய்துகொள்வது. சுழலி சற்று வேகமெடுத்தால் காற்று வரும் சரிவு குறையும், இழுவிசையும் குறையும், வேகம் பழைய நிலைக்கு வரும். சற்று மெதுவானால் சரிவு கூடி இழுவிசையும் கூடும். யாரும் தொடாமலே ஒரு சமநிலை. நம் ஈரவலயக் காடுகளில் ஹொர மரத்தின் இரண்டு இறகுள்ள காய் சுழன்று சுழன்று மெல்ல இறங்குவதும் சுழற்சியால் கிடைக்கும் இதே தூக்குவிசையால்தான். உயரமான மரத்தடியில் ஒரு காயும் ஒரு கைப்பேசிக் கமராவும் இருந்தால் பாடசாலையிலேயே இதை அளந்து பார்க்கலாம். இப்படிப்பட்ட சின்ன ஆய்வுகளுக்கு நம் பல்கலைக்கழகங்களில் பணம் ஒதுக்கினால் மிகப் பெரிய பலன் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அந்தச் சமநிலைக்கு ஓர் எல்லை உண்டு. தூக்குவிசை சுழல்வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 80 வீதமாகக் குறைந்தால் அதே கோணத்தில் விசை 64 வீதமே. அந்தக் குறையை ஈடுகட்ட நெம்புகோலை மேலே இழுத்தால் தாக்கு கோணம் (சிறகுக்கும் வரும் காற்றுக்கும் இடையிலுள்ள கோணம்) கூடி, தடை கூடி, சிறகு முழுதும் தூக்குவிசையை இழந்துவிடும். அதன்பின் மீட்பில்லை. ஆர்22இன் சிறகுகள் எடை குறைந்தவை, அவற்றில் சேமித்த ஆற்றலும் குறைவு. அதனால்தான் வேகம் 97 வீதத்துக்கு இறங்கியதுமே எச்சரிக்கை ஒலி கத்தத் தொடங்குகிறது.

இறங்கும்போது 65 நொட் (மணிக்கு சுமார் 120 கிலோமீற்றர்) வேகம் வைத்து, தரைக்குச் சுமார் 40 அடி இருக்கையில் மூக்கை உயர்த்தி வேகத்தைக் கொல்லவேண்டும். 8 அடியில் மட்டமாக்கி, கடைசியாக நெம்புகோலை மேலே இழுத்து, சிறகில் மிஞ்சிய ஆற்றலை மெத்தையாகச் செலவழிக்கவேண்டும். மிகத் தூரம் மிதக்க வைத்தாலும் 1500 அடி உயரத்திலிருந்து ஒரு கடல்மைல்தான் போகலாம். கொழும்பு மேலே பறப்பவர் காலிமுகத்திடலையோ ஒரு மைதானத்தையோ அந்த வட்டத்துக்குள் எப்போதும் வைத்திருக்க வேண்டும். சில நூறு அடி உயரத்தில் அசையாமல் நின்று கல்யாண வீட்டைப் படமெடுப்பது மிக மோசமான நிலை. முன்வேகமும் இல்லை, உயரமும் போதாது.

என்ஜின் ஏன் நிற்கும்? கொழும்பில் பலர் நம்பாத காரணம் பனிக்கட்டி. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபுரேட்டருக்குள் பெற்றோல் ஆவியாகும்போது வெப்பநிலை மிகவும் விழும். வெளியே 28 பாகையாக இருந்தாலும் நம் காற்றிலுள்ள ஈரம் உள்ளே உறைந்து வழியை அடைக்கும். என்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற தானியங்கி இந்த அடைப்பை ஈடுகட்டத் தானே த்ரொட்டிலைத் திறப்பதால், விமானிக்கு அறிகுறியே தெரியாமல் போகலாம். உள்ளே சூடான காற்றை அனுப்பும் காபுரேட்டர் ஹீட்டை முன்கூட்டியே போடுவதும், அதன் வெப்பமானியை அடிக்கடி பார்ப்பதும்தான் வழி. நுவரெலியாவுக்குப் போனால் வேறு சிக்கல். அங்கே 20 பாகை வெயிலில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத் தரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் எழும்பிய அதே சுமையுடன் அங்கே எழும்பாது.

இரண்டு சிறகுச் சுழலிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலேறி வரும்போது சைக்ளிக் என்ற, சுழலியைச் சரித்துத் திசை மாற்றும் பிடியை முன்னே தள்ளி உடல் எடையற்றதுபோலாகும் நிலைக்கு வந்தால், வால் சுழலியின் உந்தல் வண்டியை வலப்பக்கம் உருட்டும். பயந்து இடப்பக்கம் இழுத்தால் சுழலியின் நடுப்பகுதி தண்டில் மோதி அதையே அறுத்துவிடலாம். முதலில் மெதுவாகப் பின்னே இழுத்துச் சுமையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், பிறகுதான் உருளலைத் திருத்தலாம். கை இயல்பாகப் போகும் திசைக்கு இது எதிர் என்பதால், அமெரிக்காவில் இந்த இரண்டு வகைகளையும் ஓட்டுபவர்களுக்கென 1995இல் தனிப் பயிற்சி விதியே வந்தது. வாங்கக் காசுள்ளவர்கள் சில மாதங்களுக்கொருமுறை பயிற்றுநருடன் என்ஜின் இல்லாமல் இறங்குவதைப் பழகவும் காசு ஒதுக்கட்டும்.

புது வண்டிக்குப் பூசை செய்து மாலை போடுவது நம் வழக்கம். செய்யுங்கள், ஆனால் என்ஜினை இயக்குமுன் மாலை, எலுமிச்சம்பழம், நூல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பறந்துபோகும் சின்னப் பொருளும் வால் சுழலியைச் சேதமாக்கும்.

பயணியாக ஏறுபவருக்கு: ஒலி கத்தி, வயிறு தூக்கிப் போட்டால் விமானி நெம்புகோலைத் தள்ளியிருக்கிறார் என்று அர்த்தம். பெல்ட்டை இறுக்கி, கால்களை மிதிகளிலிருந்து விலக்கி, கைகளை மடியில் வைத்திருங்கள்.