மயிர்ப்புழு அல்ல, சுணைப்புழு

வன்னியில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் 'பல்மயிர்ப்புழு' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. பெரும்பாலும் கடலில் வாழும் புழுக்களின் வகுப்பான பொலிகீற்றா என்ற பெயரின் தமிழாக்கமாம். கிரேக்கத்தில் பொலி என்றால் பல. கைத்தே என்றால் நீண்ட முடி. ஆக்கியவர் அகராதியைப் பார்த்திருக்கிறார், புழுவைப் பார்க்கவில்லை.

முதலில் அந்தப் 'பல்'. பல என்று நினைத்து எழுதியது, வாசிக்கிறவருக்கு வாயிலுள்ள பல்லாகத்தான் படும். வேறு விலங்கென்றால் விட்டுவிடலாம். இந்தப் புழுக்களில் பலவற்றுக்கு உண்மையிலேயே தாடை உண்டு, பல்லும் உண்டு. பேரினம் பிரிக்கையில் முதலில் பார்ப்பதும் அவற்றைத்தான். பல்லில் மயிர் முளைத்த புழு என்று ஒரு பிள்ளை விடை எழுதினால் யாரைக் குற்றம் சொல்வது?

அடுத்தது மயிர். வகுப்பில் அதைச் சொன்னதும் எழும் சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் ஊரில் மயிருள்ள புழு என்றால் முருங்கையில் அப்பிக் கிடக்கும் மயிர்க்கொட்டிதான். அது பூச்சியின் குடம்பி. கடற்புழுவுக்கும் அதற்கும் உறவில்லை. நம் தலைமயிர் கெரற்றினால் ஆனது. கடற்புழுவில் நீட்டி நிற்பதோ கைற்றின். உடலின் ஒவ்வொரு கண்டத்திலும் இருபுறமும் ஒரு சதைமடல். அதற்குள்ளிருந்து கற்றையாக வெளிவரும் விறைப்பான ஊசிகள். சேற்றையும் வளையின் சுவரையும் பற்றி நகர அவை உதவுகின்றன. இவற்றைச் சிலிர்முள் என்பாரும் உண்டு. மயிரை விட எவ்வளவோ மேல். ஆனால் எனக்கு முள்ளம்பன்றிதான் ஞாபகம் வருகிறது.

சுணை என்ற சொல் எங்களிடம் சும்மா கிடக்கிறது. சூடடித்த களத்தில் வைக்கோல் தூக்கினவருக்கு விளக்கவே தேவையில்லை: கண்ணுக்குப் பிடிபடாது, தோலில் ஏறினால் இலேசில் போகாது. தீப்புழு எனப்படும் யூரித்தோ பேரினத்தைத் தொட்டால் ஊசிகள் தோலிலேயே ஒடிந்து எரிக்கும். அது அச்சொட்டாகச் சுணைதான். எல்லாக் கடற்புழுவும் எரிக்காதே என்பார்கள். சரி, பெயர் தோற்றத்துக்குத்தானே, எரிச்சலுக்கு இல்லையே. ஆகவே பலசுணைப்புழு, 'ல'வைக் குறுக்காமல். மண்புழு அடங்கும் ஒலிகோகீற்றாவைச் சிலசுணைப்புழு எனலாம்.

பேரினப் பெயருக்கு வந்தால் நான் எதிர்ப்பக்கம். அதைத் தமிழாக்கவே கூடாது. ஒரு கடற்புழுப் பேரினத்துக்கு லின்னேயஸ் 1758இல் வைத்த நேரெயிஸ் என்ற பெயர், கிரேக்கக் கடல்தெய்வம் நேரெயுஸின் மகளைக் குறிப்பது. 'நீர்' என்ற தமிழ்ச் சொல்தான் அங்கே போனது என்று சொல்லிக்கொண்டு சிலர் அதை நீர்ப்புழு ஆக்கிவிட்டார்கள். இன்றைய கிரேக்கத்தில் நீருக்கு நெரோ என்பது உண்மைதான்; அதுவே 'புதியது' என்ற பொருளுள்ள பழஞ்சொல்லிலிருந்து வந்தது. நம் நீருக்கு அங்கே வேலையில்லை. மேலும் விலங்கியலாளர் கின்பெர்க் 1865இல் பெரினேரெயிஸ், பிளாற்றினேரெயிஸ் என்று பக்கத்துப் பேரினங்களுக்கும் பெயர் வைத்திருக்கிறார். அவற்றைச் சுற்றுநீர்ப்புழு, தட்டைநீர்ப்புழு என்றா எழுதப் போகிறீர்கள்?

நந்திக்கடல் சேற்றில் கிண்டி எடுத்த இத்தகைய புழு ஒன்று எந்தப் பேரினம் என்று பிரித்தறிய, வெளியே தள்ளிய அதன் தொண்டையைப் பார்க்க வேண்டும். தொண்டையை எட்டுப் பகுதியாக எண்ணுவார்கள். ஆறாம் பகுதியில் குறுக்குப் பட்டையாகப் பல் இருந்தால் பெரினேரெயிஸ். நுண்ணிய கோல்கள் சீப்பு வரிசையாக இருந்தால் பிளாற்றினேரெயிஸ். கூம்புப் பற்கள் மட்டும் என்றால் சிக்கல், நேரெயிஸுக்கும் நெயாந்தெஸ் என்ற இன்னொரு பேரினத்துக்கும் அதுவே. அப்போது பின் கண்டமொன்றின் சதைமடலின் மேற்பகுதியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். அரிவாள் நுனிச் சுணை தெரிந்தால் நேரெயிஸ், தெரியாவிட்டால் நெயாந்தெஸ். அந்த இடத்தில் 'அரிவாள் மயிர்' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.