ஒரு சோல் ரெக்கார்டை மறுபடி அச்சிடுவது எப்படி?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில், பாடகர் ஐசக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்டு சோல்' 1969-ல் வந்த ஆல்பம், மொத்தமே நாலு பாட்டு. கடைசிப் பாட்டு மட்டும் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். ஆர்கன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மனிதர் பல நிமிடத்துக்குப் பாடவே மாட்டார், தாழ்ந்த குரலில் கதை சொல்லிக்கொண்டே இருப்பார், அப்புறம் மெதுவாகப் பாட ஆரம்பித்து, முடிவில் ஊதுகருவிகளும் வயலின்களும் சேர்ந்து பொங்கி எழும். இந்த ஆல்பத்தின் இரண்டு வெவ்வேறு மறுவெளியீடுகள் கையில் இருந்தால் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். பாட்டு ஒன்றுதான், ஆனால் ஒன்றில் ஊதுகருவி பளிச்சென்று கேட்கலாம், மற்றதில் கரகரக்கலாம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தட்டின் எடையைச் சொல்லி அட்டையில் ஒட்டியிருக்கும் '180 கிராம்' ஸ்டிக்கர் இல்லை. எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், அதை யார் எப்படி வெட்டினார்கள், அதாவது பள்ளமாகச் செதுக்கினார்கள், இந்த இரண்டும்தான் காரணம்.

முதலில் டேப். ஸ்டுடியோவில் எல்லாம் கலந்து முடித்த பிறகு கிடைக்கும் கால் அங்குல அகல டேப்தான் மாஸ்டர். வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்கு அதிலிருந்து ஒரு நகல் போகும், அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுப்பார்கள். ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கொஞ்சம் ஏறும், மேல்சுருதி கொஞ்சம் மழுங்கும். அதனால் மறுவெளியீட்டுக்காரர்களின் முதல் வேலை அசல் டேப் எங்கே இருக்கிறது, யாருக்குச் சொந்தம் என்று தேடுவது. சோல் இசையில் இது சிக்கலான கதை. மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கள் தட்டுகளை விநியோகித்துவந்த அட்லாண்டிக் நிறுவனத்துக்குத்தான் அதுவரை வெளிவந்த மாஸ்டர்கள் எல்லாம் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது 1968-ல்தான் அவர்களுக்கே உறைத்தது. ஆகவே ஸ்டாக்ஸின் பாடகர் ஓடிஸ் ரெட்டிங் உயிரோடு இருந்தபோது வந்த ஆல்பங்கள் அட்லாண்டிக் வழியில் வார்னர் குழுமத்திடம் இருக்கின்றன. ஸ்டாக்ஸ் அட்லாண்டிக்கை விட்டுப் பிரிந்த பிறகு வந்த ஐசக் ஹேய்ஸ் ஆல்பங்களோ, 1975-ல் ஸ்டாக்ஸ் திவாலானதும் ஃபேன்டசி என்ற ரெக்கார்டு கம்பெனியின் கைக்குப் போய், இப்போது கான்கார்ட் குழுமத்திடம் இருக்கின்றன. இரண்டு தட்டிலும் ஸ்டாக்ஸ் ஊர்க்காரர்கள்தான் வாசித்திருக்கிறார்கள், ஆனால் டேப் இருக்கும் கிடங்கு வேறு வேறு.

கிடங்கில் இருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம். 1978 பிப்ரவரியில் நியூஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக் டேப்புகள் வைத்திருந்த கட்டடம் எரிந்துபோனது. வெளியிடாத பதிவுகளும் ஒலிப்பதிவு அமர்வுகளின் டேப்புகளும் ஆயிரக்கணக்கில் அழிந்தன. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது, ஏனென்றால் அங்கே போனது பெரும்பாலும் யாருமே கேட்டிராத பாட்டுகள்.

சின்ன லேபிள்கள், அதாவது சின்ன ரெக்கார்டு கம்பெனிகள், விஷயத்தில் பல சமயம் டேப்பே கிடைக்காது. 2003-ல் சிகாகோவில் தொடங்கிய நுமெரோ குரூப் என்ற மறுவெளியீட்டு நிறுவனம், ஒஹாயோவின் கொலம்பஸ் நகரத்து கேப்சோல் என்ற குட்டி லேபிளின் பாட்டுகளைத் தொகுத்துத்தான் கணக்கை ஆரம்பித்தது. இப்படிப்பட்ட தொகுப்புகளில் டேப் கிடைக்காத பாட்டுக்கு, இருப்பதிலேயே சுத்தமான பழைய தட்டைத் தேடிப் பிடித்து, ஓடவிட்டு, கணினியில் சொடுக்குச் சத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கி, அதைத்தான் மாஸ்டராக வைத்துக்கொள்வார்கள். கண்டுபிடிப்பது சுலபம், பாட்டு மெல்ல மறையும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பின்னணியில் லேசாகப் பொரியும் சத்தம், உங்கள் தட்டு சுத்தமாக இருந்தும் வந்தால், அது மூலத் தட்டோடு கூடவே வந்த சத்தம்.

டேப் கிடைத்துவிட்டாலும் உடனே ஓட்டிவிட முடியாது. இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு முரண் இருக்கிறது: 60-களின் சோல் டேப்புகளைவிட 70-களின் நடுவிலிருந்து வந்த ஃபங்க், டிஸ்கோ டேப்புகள்தான் பெரும்பாலும் மோசமான நிலையில் இருக்கும். காந்தத் துகள்களை பிளாஸ்டிக் நாடாவோடு பிடித்து வைப்பது ஒரு பசை. 70-களில் சில கம்பெனிகள் அதற்குப் பயன்படுத்திய பாலியூரிதேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மூலக்கூறு மூலக்கூறாக அறுபட்டு, பிசுபிசுத்துப்போகும். அப்படியே ஓட்டினால் டேப் கிறீச்சிடும், துகள் உரிந்து டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், உரிந்தது பாட்டுதான், திரும்ப வராது. அதனால் டேப்பை அடுப்பில் வைக்கிறார்கள்! சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கினால் ஈரம் போய், பசை தற்காலிகமாக இறுகும், சில வாரங்களுக்கு ஒழுங்காக ஓடும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். 60-களின் பல டேப்புகளில் இந்தப் பசை இல்லை. அசிடேட் நாடா என்றால் நாளடைவில் வினிகர் வாடை அடித்துச் சுருங்கும் என்பது வேறு தொல்லை, அதை அடுப்பில் வைக்கவும் கூடாது.

இனி வெட்டுவது. மறுவெளியீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசிய வட்டத்தை லேத் என்ற செதுக்கும் இயந்திரத்தில் சுற்றவிட்டு, சூடாக்கிய ரூபி அல்லது நீலக்கல் ஊசியால் பாட்டை ஒரே நீளப் பள்ளமாகச் செதுக்குகிறார்கள். பள்ளத்துக்கு இரண்டு சுவர், ஆளுக்கு 45 டிகிரி சாய்வு. உள்பக்கச் சுவரில் இடது சேனல், வெளிப்பக்கச் சுவரில் வலது சேனல். இரண்டிலும் ஒரே ஒலி வந்தால் பள்ளம் பக்கவாட்டில் மட்டும் நெளியும், இரண்டும் வேறுபட்டால் ஆழமும் கூடிக் குறையும். தாழ்சுருதி அப்படிக் கூடிக் குறைந்தால் பள்ளம் சில இடத்தில் ஆழமே இல்லாமல் போய், ஊசி துள்ளி வெளியே வந்துவிடும். அதனால்தான் பேஸ் கிட்டாரையும் கிக் டிரம்மையும் நடுவில், அதாவது இரண்டு சேனலிலும் சமமாக, வைத்து வெட்டுகிறார்கள்.

தாழ்சுருதிக்கு இடமும் அதிகம் வேண்டும். அதை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக நெளிந்து பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். ஆகவே 1954-ல் அமெரிக்க ரெக்கார்டு தொழில் சங்கம், எந்தச் சுருதியை எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்று ஒரு பொது வளைவை வகுத்தது. வெட்டும்போது 1,000 ஹெர்ட்ஸ் மட்டத்தோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் குறைத்து, 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் கூட்டிவிடுவார்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஃபோனோ சுற்று இதை அப்படியே தலைகீழாக்கும். தாழ்சுருதி திரும்பக் கிடைக்கும், மேல்சுருதியை இறக்கும்போது கூடவே தட்டின் உரசல் சத்தமும் இறங்கும். இவ்வளவு செய்தும், மலிவு பிளேயர்களில் ஊசி துள்ளிவிடும் என்ற பயத்தில் 60-களில் பலர் தாழ்சுருதியை இன்னும் குறைத்தே வெட்டினார்கள். டெட்ராய்டில் மோடவுன் என்ற சோல் கம்பெனியின் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரை மைக் வழியாக இல்லாமல் நேராகவே இணைத்துப் பதிவு செய்தார்கள். டேப்பில் அது எவ்வளவு கனமாக இருந்தாலும் 1966-ல் தட்டு வாங்கிய பையனின் வீட்டுக்கு அதில் கொஞ்சம்தான் போய்ச் சேர்ந்தது. நல்ல மறுவெளியீடு அசலைவிட மேலாக இருக்க முடியும் என்று நான் நம்புவதற்கு இதுவே பெரிய காரணம்.

ஐசக் ஹேய்ஸின் அந்த முடிவுக்கு வருவோம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில் சுழல்கிறது, ஆனால் ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் ஒரே அளவில் இருப்பதில்லை. வெளி விளிம்பில் நொடிக்கு சுமார் 51 செ.மீ., நடுவில் இருக்கும் காகித லேபிளுக்குப் பக்கத்தில் வெறும் 21 செ.மீ. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு விளிம்பில் 51 மைக்ரான் நீளம் கிடைக்கிறது, உள்ளே 21 மைக்ரானில் அதே அலையை நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. ஊசி முனைக்கும் ஒரு பருமன் உண்டு, அவ்வளவு நெருக்கமான வளைவுகளில் அதனால் சரியாக இறங்கி ஏற முடியாது, அதுதான் கரகரப்பு. இந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கமோ கிட்டத்தட்ட 24 நிமிடம். பாட்டின் உச்சம் சரியாகப் பள்ளத்தின் மிக மோசமான இடத்தில் வந்து விழுகிறது. வெட்டுகிறவருக்கு மூன்று வழி இருக்கிறது: மொத்த ஒலியளவைக் குறைப்பது, மேல்சுருதியை மழுக்குவது, அல்லது ஆல்பத்தையே இரண்டு தட்டாகப் பிரித்து 45 ஆர்.பி.எம்.மில் வெட்டுவது. முதல் வழியில் இரைச்சல் மேலே தெரியும், இரண்டாவதில் உயிர் போகும், மூன்றாவதில் நீங்கள் நடுவில் எழுந்துபோய்த் தட்டை மாற்ற வேண்டும். நான் மூன்றாவதையே எடுப்பேன்.

கெட்டிக்கார லேத் இன்னொரு விதத்தில் இடத்தை மிச்சம் பிடிக்கும். அமைதியான இடத்தில் பள்ளங்களை நெருக்கும், சத்தமான இடத்தில் விலக்கும். அதற்கு வரப்போவது என்ன என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், ஆகவே அந்த டேப் இயந்திரத்தில் கூடுதலாக ஒரு ஹெட் சற்று முன்னதாகவே படித்துச் சொல்லும். இப்படிப்பட்ட இயந்திரங்கள் இப்போது அபூர்வம். இல்லாதவர்கள் ஒலியை டிஜிட்டலாக்கிச் சற்றுத் தாமதப்படுத்தி வெட்டுகிறார்கள், அல்லது முழுவதையும் கோப்பாக மாற்றிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். 2022-ல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் தன் பல மறுவெளியீடுகளில் டிஜிட்டல் படி ஒன்றைச் சேர்த்திருந்தது தெரியவந்து சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். சொல்லாமல் விட்டது தப்புதான். ஆனால் அசல் டேப்பிலிருந்து கவனமாக எடுத்த டிஜிட்டல் கோப்பு, மூன்றாம் தலைமுறை டேப் நகலைவிட எவ்வளவோ மேல்.

லாக்கர் வெட்டி முடிந்ததும் தாமதிக்கக் கூடாது, அது மென்மையானது. வெள்ளி தெளித்து, நிக்கல் கரைசலில் மின்முலாம் பூசி உரித்தால் எதிர்ப்பதிவு வரும், அதிலிருந்து நேர்ப்பதிவுகள், அவற்றிலிருந்து அச்சிடும் ஸ்டாம்பர்கள். பூரி பிரஸ்ஸில் மாவு உருண்டையை வைத்து அழுத்துவதுபோல, சூடான பி.வி.சி. உருண்டையை இரண்டு ஸ்டாம்பருக்கு நடுவில் வைத்து சுமார் 100 டன் விசையில் அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் தட்டு தயார். லேபிளுக்குப் பசை கிடையாது, அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலுமே ஒட்டிக்கொள்ளும். 180 கிராம் என்பது பள்ளத்துக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கின் கனம், பள்ளத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆயிரம் தட்டுக்கு மேல் அடித்துத் தேய்ந்த ஸ்டாம்பரில் வந்த 180 கிராமைவிட, புது ஸ்டாம்பரில் வந்த 140 கிராம் நன்றாகவே ஒலிக்கும்.

அசல் தட்டே வேண்டும் என்பவர்களும் உண்டு. ஃபிராங்க் வில்சன் 1965-ல் மோடவுனின் துணை லேபிளுக்குப் பாடிய ஒரு சிங்கிள், 2009-ல் 25,742 பவுண்டுக்கு விற்றது. அது அபூர்வத்துக்குத் தரும் விலை. அமெரிக்காவின் பழைய சோல் சிங்கிள்களில் பல வினைலே கிடையாது, பாலிஸ்டைரீன், ஊசி பட்டுப்பட்டுச் சீக்கிரம் தேய்ந்துவிடும். 

வாங்கும்போது எங்கே பார்ப்பது? கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் இருக்கும் வெறும் வளையத்தில். லாக்கரிலேயே கீறிய எண்களும் வெட்டியவரின் முதலெழுத்துகளும் அங்கே இருக்கும். கெவின் கிரே போன்றவர்களின் எழுத்து தெரிந்தால், அசல் டேப்பைத் தேடிப் பிடிக்கும் பழக்கமுள்ள ஒருவர் இதைக் கையில் எடுத்திருக்கிறார் என்று பொருள்.

1963-க்கு முன் வெளிவந்த, சோலுக்கு முன்னோடியான ரிதம் அண்ட் புளூஸ் ஆல்பங்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவு உரிமையை 50 ஆண்டிலிருந்து 70 ஆக நீட்டியபோது, ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே 1958-ல் வந்த ஒரு ரே சார்ல்ஸ் ஆல்பத்தை அங்கே யார் வேண்டுமானாலும் சட்டப்படியே அச்சிடலாம், மாஸ்டர் டேப்பைக் கண்ணால்கூடப் பார்க்காமல், ஒரு சி.டி.யிலிருந்தே. அட்டையில் மூலம் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, பதிலுக்கு 'போனஸ் பாட்டு' என்று நாலைந்து சேர்த்திருப்பார்கள். அந்தப் பாட்டுகளின் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், பக்கத்துக்கு 25 நிமிடத்தைத் தாண்டினால் ஒலியளவையும் தாழ்சுருதியையும் குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள், அந்தக் காசுக்கு வேறு தட்டு பாருங்கள்.