பக்கவாட்டில் மட்டும் தள்ளும் விசை

அசையாமல் நிற்கும் ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தின் மீது, எவ்வளவு வலிமையான காந்தப்புலமும் விசை செலுத்தாது. எலக்ட்ரான் ஓடத் தொடங்கினால்தான் காந்தம் அதைக் கண்டுகொள்ளும். அப்போதும் முன்னால் இழுப்பதோ பின்னால் தள்ளுவதோ இல்லை; பக்கவாட்டில்தான் தள்ளும். புலத்தின் திசையிலேயே ஓடினால் அந்தத் தள்ளலும் கிடையாது. செங்குத்தாகக் குறுக்கே ஓடும்போது விசை உச்சத்தில் இருக்கும்: மின்னூட்டம், வேகம், புலத்தின் வலிமை மூன்றையும் பெருக்கினால் வருவது.

திசைக்கு ஃபிளெமிங்கின் இடக்கை விதி இருக்கிறது. சுட்டுவிரல் புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் விசை. எலக்ட்ரானுக்கு மட்டும் நடுவிரலை அது ஓடும் திசைக்கு நேர் எதிராக நீட்ட வேண்டும், அது எதிர்மின் துகள் என்பதால். இதை மறந்தால் விடை தலைகீழாகிவிடும்.

சரி, எப்போதும் பக்கவாட்டிலேயே தள்ளினால் என்ன ஆகும்? துகளின் வேகம் கூடாது, குறையாது. பாதை மட்டும் வளைந்துகொண்டே போகும். சீரான புலத்துக்குச் செங்குத்தாக ஓடினால் அது வட்டமாகவே மூடிக்கொள்ளும். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல் நினைவுக்கு வரலாம். ஆனால் கயிற்றின் நீளம் மாறாது. கல்லின் வேகம் கூடினால் ஒரு சுற்று சீக்கிரம் முடியும். இங்கே அப்படி இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் வட்டத்தின் ஆரமும் இரண்டு மடங்காகிறது. இரண்டு மடங்கு தூரத்தை இரண்டு மடங்கு வேகத்தில் கடப்பதால், சுற்றுக்கு ஆகும் நேரம் அதேதான். 1 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்தில் ஒரு புரோட்டான் வினாடிக்குச் சுமார் 1.52 கோடி முறை சுற்றும், மெதுவாகப் போனாலும் சரி, வேகமாகப் போனாலும் சரி. (ஒளியின் வேகத்தை நெருங்கினால் இந்தக் கணக்கு உடையும்.)

எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் துகள்களைச் சுழலவிட்டு வேகமேற்றும் சைக்ளோட்ரான் என்ற கருவி பிறந்தது இதிலிருந்துதான். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ் ‘டி’ வடிவத்தில் இரண்டு உள்ளீடற்ற உலோகப் பெட்டிகளை எதிரெதிரே வைத்து, இடைவெளியில் மாறுமின்னழுத்தம் கொடுத்தார். (காந்தவிசைக்குப் பெயர் தந்த லொரென்ட்ஸ் வேறு, இவர் வேறு.) காந்தம் துகளை வளைத்து மறுபடி மறுபடி அந்த இடைவெளிக்கே கொண்டுவரும், கடக்கும் ஒவ்வொரு முறையும் மின்புலம் ஓர் உந்து தரும். துகள் வேகமாகி வட்டம் பெரிதானாலும் சுற்றும் நேரம் மாறாததால், மின்னழுத்தம் திசை மாறும் தாளத்தை ஒருமுறை சரிசெய்தால் போதும். 1931-இல் அவரும் மாணவர் லிவிங்ஸ்டனும், உள்ளங்கையில் அடங்கும் கருவியில், 2,000 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தைக் கொண்டே துகள்களை 80,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு ஏற்றினார்கள் (ஓர் எலக்ட்ரான் 1 வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும்போது பெறும் ஆற்றல்தான் 1 எலக்ட்ரான் வோல்ட்). 1939-இல் லாரன்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வேலைப் பிரிவினை இன்றும் அப்படியே தொடர்கிறது. ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரும் ஹாட்ரான் மோதுவி என்ற துகள் மோதல் கருவியில் 1,232 மீக்கடத்து (மின்தடையே இல்லாத) காந்தங்கள் புரோட்டான்களை வளைக்க மட்டுமே இருக்கின்றன. வேகமூட்டுவது, ஒவ்வொரு கற்றைக்கும் 8 வீதம் வைக்கப்பட்ட மின்புல அறைகள்.