பால் பல்லுக்கு வேர் சிகிச்சை: நரம்பை எடுத்த பிறகும் ஏன் வலிக்கிறது?

பால் பல்லின் எனாமல், நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறத்தாழ பாதி கனம்தான். உள்ளிருக்கும் பற்கூழோ (நரம்பும் ரத்தக்குழாய்களும் கொண்ட மென்திசு) பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அதன் முனைகள் மேற்பரப்புக்கு வெகு அருகில் வரை நீண்டிருக்கும். வெளியே சின்னக் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் சொத்தை சீக்கிரமே கூழைத் தொட்டுவிடுவது அதனால்தான். கிருமி எட்டியதும் கூழ் வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. உள்ளே அழுத்தம் ஏற ஏற, குழந்தை நடு இரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுகிறது.

பாதிப்பு மேல்பகுதியோடு நின்றிருந்தால் மருத்துவர் அந்தப் பகுதிக் கூழை மட்டும் எடுத்துவிட்டு, வேருக்குள் உயிரோடிருக்கும் மிச்சத்தின்மேல் எம்.டி.ஏ. போன்ற சிமென்ட்டை வைத்து மூடுவார். வேர்வரை அழுகியிருந்தால் முழுவதையும் சுத்தம் செய்து, பின்னாளில் வேரோடு சேர்ந்து கரையக்கூடிய பசையை நிரப்புவார். கடைவாய்ப் பல் என்றால் பெரும்பாலும் மேலே ஒரு ஸ்டீல் கேப்.

நரம்பையே எடுத்த பிறகு வலிப்பானேன்? நரம்பு பல்லுக்குள் மட்டும் இல்லை. வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் மெல்லிய நார்த்திசுவில் உணர்விழைகள் நிறைய உண்டு. சுத்தம் செய்யும் ஊசிகளோ கழுவும் திரவமோ பசையோ வேர்நுனியைத் தாண்டிச் சற்று உரசினாலும் அங்கே அழற்சி வரும். புதிய கேப் கொஞ்சம் உயரமாக நின்றால், கடிக்கும்போதெல்லாம் அதே திசு நசுங்கும். கேப்பின் விளிம்பு அழுத்திய ஈறும், மரத்துப்போக ஊசி போட்ட இடமும் தம் பங்குக்கு நோகும். பாதிக் கூழை மட்டும் எடுத்த பல்லிலோ, உயிருள்ள திசுவில் வெட்டுக்காயமே இருக்கிறது.

காயம்பட்ட திசு புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது நரம்பு முனைகளைக் கூச்சப்படுத்தி, லேசான தொடுதலையும் வலியாக்குகிறது. ஐபுபுரோஃபன் தடுப்பது இந்தச் சுரப்பைத்தான். ஆகவே மரப்பு தெளிந்து, குழந்தை அழத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மரப்பு இருக்கும்போதே முதல் வேளை மருந்தைக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள்தான் கடினம், பிறகு வலி வேகமாகக் குறையும்.

அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை; 16 கிலோ குழந்தைக்கு 240. நம் கடைகளில் 5 மில்லியில் 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு சிரப்களும் கிடைக்கின்றன. பாட்டில் மாறினால் அதே அளவு மூடியில் மருந்து இரட்டிப்பாகிவிடும், லேபிளைப் படித்தே ஊற்றுங்கள். டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சல் இருந்தால் ஐபுபுரோஃபன் கூடாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு எப்போதுமே வேண்டாம். மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதும் சகஜம் என்பதால் சில மணி நேரம் கண் வைத்திருங்கள்.

"விழப்போற பல்லுதானே" என்று வலியைக் குறைத்து மதிப்பிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது. பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வேலை செய்ய வேண்டியவை. சின்னக் குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. ஒரு பக்கமாக மெல்லும், சோற்றை ஒதுக்கும், தூங்காது. 1980-களில் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் இருவரும் உருவாக்கிய ஆறு முகப் படங்களைக் காட்டினால், மூன்று வயதுக் குழந்தைகூடப் பெரும்பாலும் தன் வலிக்குரிய முகத்தைத் தொட்டுக் காட்டும்.

நாளுக்கு நாள் கூடும் வலி, கன்ன வீக்கம், காய்ச்சல் என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வலியே இல்லாமல் சிகிச்சை தோற்றுப்போவதும் உண்டு. பால் கடைவாய்ப் பல்லில் தொற்று பெரும்பாலும் வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பை அரிக்கிறது. சீழ் ஈறில் சிறு கொப்புளமாக வெளியேறிவிடுவதால் அழுத்தம் இறங்கி, குழந்தை சிரித்து விளையாடும். அந்த வேர்களுக்கு நடுவில்தான் அடுத்து முளைக்க வேண்டிய நிரந்தரப் பல்லின் கரு இருக்கிறது. தொற்று அங்கே நீடித்தால் அதன் எனாமல் குறைபட்டு உருவாகலாம். வலி நின்ற பிறகும் மருத்துவர் சில மாதங்கள் கழித்து எக்ஸ்ரே பார்க்கக் கூப்பிடுவது இதற்காகத்தான்.